பச்சையாக இருந்தால் போதுமா? கல்லூரி வளாகத்தின் பல்லுயிர் வளம் பற்றி ஓர் அறிமுகம்

ஆண்டுதோறும் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்துவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கல்லூரிகளில் முந்தைய நாளே குழி தோண்டி வைத்து, விருந்தினரை அழைத்து, மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்த நிகழ்ச்சிக்கு அச்சடிக்கும் பதாகையில் 'பல்லுயிர்ப் பாதுகாப்பு' என்ற சொல் தவறாமல் இடம்பெறும். மரம் நடுவதில் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் பசுமை, தூய்மை, நிழல், அழகு ஆகிய நான்குக்கும் அந்த ஒரே சொல்லைப் பயன்படுத்தப் பழகிவிட்டதால், உண்மையில் அது எதைக் குறிக்கிறது என்பது மாணவர்களுக்கும் தெளிவாகவில்லை. வளாகத்தைப் பராமரிக்கப் பணம் ஒதுக்கும் நிர்வாகத்துக்கும் தெளிவாகவில்லை. இந்தக் குழப்பத்தால் ஏற்படும் இழப்பை நான் கண்ணால் கண்டிருக்கிறேன் என்பதால், தாவரவியலோ விலங்கியலோ படிக்காதவர்களும் புரிந்துகொள்ளும்படி இதை அடியிலிருந்து விளக்க முயல்கிறேன்.

மண்டியும் வாரச்சந்தையும்

பாலக்கோட்டிலோ இராயக்கோட்டையிலோ தக்காளி மண்டிக்குள் காலையில் நுழைந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பெட்டி பெட்டியாகத் தக்காளி அடுக்கியிருக்கும். சரக்கின் அளவு மலைக்க வைக்கும். ஆனாலும் ஒரு குடும்பம் அந்த மண்டியை மட்டும் நம்பி ஒரு வாரம் சமைக்க முடியாது. அதே ஊரின் வாரச்சந்தையில் மொத்தச் சரக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் கேழ்வரகு, அவரை, மிளகாய், கருவாடு, வெற்றிலை, மண்சட்டி, கயிறு என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும்.

பசுமைக்கும் பல்லுயிர் வளத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஒரே வகை மரம் 500 வரிசையாக நிற்கும் வளாகம் மண்டியைப் போன்றது. மரம், புதர், கொடி, புல், பாறை, குட்டை என்று பலவும் கலந்து, ஒவ்வொன்றையும் நம்பிப் பல பூச்சிகளும் பறவைகளும் வாழும் வளாகம் சந்தையைப் போன்றது. ஓர் இடத்தில் எத்தனை விதமான உயிர்கள் உள்ளன, அவை தமக்குள்ளும் தம் சூழலோடும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதையே பல்லுயிர் வளம் என்கிறோம். 1992இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் உலக நாடுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கையும், அதைத் தொடர்ந்து இந்தியா 2002இல் இயற்றிய பல்லுயிர்ச் சட்டமும் இந்தப் பொருளிலேயே அச்சொல்லைப் பயன்படுத்துகின்றன.

இந்த வளத்தை அறிவியலாளர்கள் மூன்று நிலைகளில் பார்க்கிறார்கள். முதலாவது, எத்தனை இனங்கள் என்பது: வேம்பு ஓர் இனம், புங்கன் ஓர் இனம், மைனா ஓர் இனம். எளிதில் எண்ணத்தக்கது இதுவே என்பதால் பலரும் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது, ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு. இதைக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஒரு தோப்பில் 300 பெங்களூரா மாமரங்கள் நிற்கலாம். அவை எல்லாம் ஒட்டுக்கட்டி உருவாக்கியவை என்பதால், வேர்ப்பகுதியைத் தவிர்த்துப் பார்த்தால் மரபுப் பண்பில் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக ஒத்தவை. வரப்போரத்தில் கொட்டையிலிருந்து தானாக முளைத்து நிற்கும் நாட்டு மாமரங்களோ ஒவ்வொன்றும் வேறு வேறு. ஒன்றின் காய் புளிக்கும், ஒன்று நார் நிறைந்திருக்கும், ஒன்று வறட்சியிலும் காய்க்கும். ஒரு நோய் வந்தால் ஒட்டுத் தோப்பில் ஒரு மரத்துக்கு நேர்வது எல்லா மரத்துக்கும் நேரக்கூடும்; நாட்டு மரங்களில் சிலவாவது தப்பும். ஓர் இனத்துக்குள் இருக்கும் இந்த வேறுபாட்டையே மரபுப் பன்மை என்பார்கள். மூன்றாவது நிலை, வாழிடங்களின் பன்மை. வாழிடம் என்பது ஓர் உயிர் உண்டு, ஒதுங்கி, இனம்பெருக்கத் தகுந்த இடம். ஏரிக்கரை ஒரு வாழிடம், கரடு ஒரு வாழிடம், புல்வெளி ஒரு வாழிடம். ஒரு வளாகத்துக்குள்ளேயே இவற்றில் மூன்று நான்கு அமையலாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பசுமை என்பது அளவு, பல்லுயிர் வளம் என்பது வகையும் பிணைப்பும். இனங்கள், ஓர் இனத்துக்குள் உள்ள வேறுபாடு, வாழிடங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்தே அதைக் கணக்கிட வேண்டும்.

தேநீர்க் கடையும் தாய்வீடும்

'வண்ணத்துப்பூச்சிகள் வர வேண்டும் என்பதற்காகப் பூச்செடிகள் வைத்திருக்கிறோம்' என்று பல கல்லூரிகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பாதி உண்மை. வண்ணத்துப்பூச்சிக்குப் பூ என்பது வழியில் நின்று தேநீர் குடிக்கும் கடை மாதிரி. எந்தக் கடையில் குடித்தாலும் தாகம் தீரும். ஆனால் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு பெண் கண்ட இடத்துக்கும் போய்விட மாட்டாள், தாய்வீட்டுக்குத்தான் போவாள். வண்ணத்துப்பூச்சிக்கும் தாய்வீடு உண்டு. அதன் புழு உண்ணக்கூடிய இலை எந்தச் செடியில் இருக்கிறதோ, அந்தச் செடியைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் அது முட்டையிடும். இப்படிப் புழுவுக்கு உணவாகும் செடியை உணவுத் தாவரம் என்பர்.

எருக்கை எடுத்துக்கொள்வோம். எங்கள் வகுப்புக் கட்டடத்தின் பின்புறம், குடிநீர்த் தொட்டி வழிந்து ஈரமாகும் இடத்தில், யாரும் நடாத எருக்கஞ்செடி ஒன்று இருந்தது. ஒரு நாள் மாணவி ஒருத்தி அதன் இலையைத் திருப்பிக் காட்டினாள். கடுகைவிடச் சிறிய, வெள்ளையான, மேலே குவிந்த முட்டை ஒன்று ஒட்டியிருந்தது. கைலென்சு வைத்துப் பார்த்தபோது அதன் மேல் மெல்லிய வரிகள் மேலிருந்து கீழாக ஓடுவது தெரிந்தது. சில நாட்களில் அதிலிருந்து வெளிவந்த புழு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, உடலில் மூன்று இணைக் கறுப்புக் கொம்புகளோடு, இலையின் நரம்பை முதலில் கடித்துப் பால் வடியாமல் செய்துவிட்டு, அதற்கு அப்பாலுள்ள பகுதியைத் தின்றது. வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது.

நரம்பை ஏன் முதலில் கடிக்கிறது என்ற கேள்வியில்தான் இந்தப் பாடத்தின் மையம் இருக்கிறது. செடிகளால் ஓட முடியாது. எனவே தம்மைத் தின்ன வருவோரைத் தடுக்க இலையில் கசப்பு, நஞ்சு, பால், முள் என்று பாதுகாப்புகளை வளர்த்துக்கொள்கின்றன. எருக்கம்பால் நச்சுத்தன்மை உடையது. ஆடுகூட அதை எளிதில் தொடாது. ஆனால் வெந்தய வரியனின் முன்னோர்கள் மிக நீண்ட காலம் எருக்கின் உறவுச் செடிகளோடே வாழ்ந்து, அந்த நஞ்சைத் தாங்கும் திறனையும், அதைத் தம் உடலிலேயே சேமித்துக்கொள்ளும் திறனையும் பெற்றுவிட்டன. அந்த நஞ்சினால் பறவைகள் இந்தப் பூச்சியைத் தவிர்க்கின்றன. இவ்வாறு இலை தின்னும் பூச்சிகள் பலவற்றுக்கும் தாம் 'கற்றுக்கொண்ட' சில செடிகளே உணவு. எலுமிச்சை அழகியின் புழுவுக்கு எலுமிச்சையும் விளாவும் போன்ற ஒரு குடும்பத்துச் செடிகள் வேண்டும். ஆடுதின்னாப்பாளை இல்லாத இடத்தில் அதை நம்பும் வண்ணத்துப்பூச்சிகள் வந்து போகலாம், குடித்தனம் நடத்தாது.

அப்படியானால் வேறொரு கண்டத்திலிருந்து கொண்டுவந்து நட்ட அலங்கார மரத்தை உண்ணக் கற்ற பூச்சிகள் இங்கே மிகக் குறைவாகவே இருக்கும் என்பது தானே விளங்கும். இலையில் ஓட்டை விழாத அந்த மரம் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இலையைத் தின்னப் புழு இல்லையென்றால் குஞ்சுக்கு ஊட்டப் புழு தேடும் தையல்சிட்டுக்கு அங்கே வேலை இல்லை. தானியம் தின்னும் பறவைகளில் பலவும் குஞ்சுகளுக்குப் பூச்சியையே ஊட்டுகின்றன. யார் யாரை உண்டு வாழ்கிறார்கள் என்ற இந்தப் பின்னலுக்கு உணவு வலை என்று பெயர். அதன் முதல் முடிச்சு, கடிபட்ட இலை.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து வந்த எல்லாமே பகை என்று எண்ணிவிடக் கூடாது. தருமபுரியின் அடையாளமாகிவிட்ட புளியமரமே ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது. நூற்றாண்டுகளாக நம்மோடு வாழ்ந்து தேனீக்களுக்கும் கிளிகளுக்கும் இடம் கொடுத்துவிட்டது. அயல் இனம் வேறு, ஊடுருவி வேறு. அயலிலிருந்து வந்து, தானாகவே பெருகிப் பரவி, ஏற்கெனவே இருந்தவற்றை நெருக்கி வெளியேற்றும் இனமே ஊடுருவி. சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, பார்த்தீனியம் ஆகிய மூன்றும் இந்த வகை. நம் வளாகங்களின் மதிலோரத்தில் இவற்றைக் காணாத இடமே இல்லை. இவற்றைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது.

ஆக, பூ என்பது வருகைக்கு, இலை என்பது வாழ்க்கைக்கு. நம் மண்ணின் செடிகளை நம் பூச்சிகள் உண்ணக் கற்றிருக்கின்றன; அந்தப் பூச்சிகளின் மேல்தான் பறவை, பல்லி, தவளை எல்லாம் நிற்கின்றன.

'சும்மா கிடக்கிற இடம்' என்ற தவறான எண்ணம்

என்னை மிகவும் வருத்துவது இந்தப் பகுதிதான். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஆண்டுக்குச் சராசரியாக 800 முதல் 900 மில்லிமீட்டர் வரை மழை பெறும் வறண்ட மேட்டுநிலங்கள். இங்கே இயல்பாக வளர்வது கோடையில் இலையுதிர்க்கும் காடும், முட்புதரும், பாறை இடுக்கில் புல்லும்தான். உசிலை, வெள்வேல், ஆவாரை, விராலி, களா, இலந்தை, ஈச்சை ஆகியவைதாம் இந்த மண்ணின் சொந்தப் பிள்ளைகள். மாசி, பங்குனியில் இவை காய்ந்து நிற்கும் கோலத்தைப் பார்த்து 'தரிசு' என்று எழுதிவிடுகிறோம். காய்வது இந்த நிலத்தின் நோய் அன்று. அது இதன் இயல்பான பருவம்.

நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில், விடுதிக்கும் மதிலுக்கும் நடுவே சரளைக் கல்லும் ஆவாரையும் கலந்த ஒரு துண்டு நிலம் இருந்தது. ஒரு பங்குனி மாதத்தில் அங்கே நடந்தபோது ஆட்காட்டிக் குருவிகள் இரண்டு தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தத் தொடங்கின. எதற்காகக் கத்துகின்றன என்று நின்று தேடியதில், என் செருப்புக்கு இரண்டடி தள்ளி, கூழாங்கற்களுக்கு நடுவே கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள் இருந்தன: மண்ணின் நிறம், மேலே கறுப்புத் திட்டுகள். கூடு என்று சொல்ல அங்கே ஒரு குழிவும் சில கற்களும் தவிர எதுவும் இல்லை. வெயில் ஏறினால் தாய்ப்பறவை எங்காவது போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து அந்த முட்டைகளின் மேல் அமர்ந்து குளிர்விக்கும். அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருகிறது என்பதற்காகப் பொக்லைன் வரவழைத்து அந்த இடத்தைச் சமப்படுத்தி, செம்மண் கொட்டி, அயல்நாட்டு அலங்காரப் பனைகளை வரிசையாக நட்டார்கள். செய்தவர்களின் நோக்கம் தவறில்லை. வளாகத்தைப் பசுமையாக்குகிறோம் என்று உளமார நம்பினார்கள். மூன்று நாட்கள் அந்த இரண்டு பறவைகளும் புதுமண்ணின் மேல் நடந்துகொண்டே இருந்தன.

வெறும் மண் என்பதுகூட ஒரு வாழிடம். தேனீ என்றதும் மரத்தில் தொங்கும் அடைதான் நினைவுக்கு வருகிறது; ஆனால் உலகிலுள்ள தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனித்து, மண்ணில் சிறு வளை தோண்டி முட்டையிடுகின்றன. வளாகம் முழுவதும் சிமெண்டுக் கல் பதித்தால் அவற்றுக்கு வாசல் அடைபடும். விசிறித்தொண்டை ஓணானுக்கும் கவுதாரிக்கும் வானம்பாடிக்கும் வேண்டியது திறந்த புதரும் புல்லுமே. அடர்ந்த நிழல் அவற்றுக்கு வீடாகாது. மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவை உலகிலேயே தென்னிந்தியாவில் மட்டும், அதிலும் புதர் மண்டிய பாறைக் குன்றுகளை ஒட்டியே வாழ்கிறது. நம் மாவட்டங்களின் குன்றுகளும் அதன் இருப்பிடங்களுள் அடங்கும். அந்தக் கரடுகளைத்தான் நாம் உபயோகமற்றவை என்கிறோம்.

குறுங்காடு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த முறையில், ஓர் இடத்துக்கே உரிய பல மர இனங்களை மிக நெருக்கமாக நட்டுக் காடு உருவாக்குவார்கள். கட்டட இடிபாடு கொட்டிக் கெட்டுப்போன நிலத்தில் அது பயன்தரலாம். ஆனால் ஏற்கெனவே உயிரோட்டமுள்ள முட்புதரையும் புல்வெளியையும் அழித்துவிட்டு அதன்மேல் குறுங்காடு வைப்பது, குடியிருக்கும் வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் வீடு கட்டித் தருகிறேன் என்பதற்குச் சமம்.

சருகும் பட்ட மரமும்

விடியற்காலையில் சருகைக் கூட்டி மூலையில் தீ வைக்கும் புகையே பல வளாகங்களின் முதல் வாசனை. எரிவது குப்பை என்று தோன்றுகிறது. உண்மையில் அது அடுத்த ஆண்டுக்கான எரு. சருகுக்குள் மரவட்டை, கரையான், பூஞ்சை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து அதை மண்ணாக்குகின்றன. தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டிப் புரட்டித்தான் இரை தேடும். சருகு இல்லாத மரநிழல் அதற்குக் காலித் தட்டு. வறண்ட நிலத்தில் சருகையும் காய்ந்த மரத்தையும் மட்கச் செய்யும் வேலையில் பெரும்பங்கு கரையானுடையது. முதல் மழை பெய்த மாலையில் மண்ணிலிருந்து ஈசல் கிளம்பும்போது பாருங்கள்: இரட்டைவால் குருவி, மைனா, காகம், பல்லி, தேரை, இருட்டிய பின் வௌவால் என்று வளாகமே ஒரு பந்தியில் உட்காரும். நூலகத்துக்குள் கரையான் வரக் கூடாது. மரத்தடியில் அது இருந்தே ஆக வேண்டும்.

பட்ட மரமும் அப்படித்தான். மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தில் மறு ஆண்டு மைனா குடியேறும், அதன்பின் கிளி, பிறகு புள்ளி ஆந்தை. ஆள் நடக்கும் பாதையின் மேல் சாயும் அபாயம் இருந்தால் வெட்டத்தான் வேண்டும். வளாகத்தின் ஓரத்தில் தனித்து நிற்பதை விட்டுவிடலாம். பழைய பனையின் தொங்கும் ஓலைக்கடியில் பனை உழவாரன் கூடு ஒட்டும். 'சுத்தம்' என்று அந்தக் காய்ந்த ஓலைகளைக் கழிக்கும்போது கூடும் சேர்ந்தே போகிறது.

வழித்தடம்

பேருந்துக்குச் சொல்லும் அதே சொல்தான் விலங்குக்கும். ஒரு கிராமத்துக்குச் சாலை இருந்தும் வழித்தடம் இல்லையென்றால் ஊர் ஒதுங்கிப்போகும். கல்யாணம், கல்வி, வியாபாரம் எல்லாம் சுருங்கும். ஒரு காட்டுத்துண்டும் பிற துண்டுகளிலிருந்து துண்டிக்கப்பட்டால், அங்கே ஓர் இனம் அற்றுப்போகும்போது வெளியிலிருந்து வந்து ஈடுசெய்ய ஆள் இருக்காது. எஞ்சியவை தமக்குள்ளேயே இனம்பெருக்கி மரபுப் பன்மையை இழக்கும். உயிர்கள் ஒரு வாழிடத்திலிருந்து மற்றொன்றுக்குப் போய்வரும் இணைப்பே வழித்தடம்.

தருமபுரி மாவட்டத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022இல் இரு மாவட்டங்களிலும் சேர்ந்து 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. பின்னது முன்னதைக் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தோடு இணைக்கிறது. யானைக்கு அந்த அளவு பெரிய இணைப்பு வேண்டும். தேன்சிட்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஏரிக்கரை, புளியஞ்சாலை, வேலியோர நொச்சி, கல்லூரி வளாகம் என்று அங்கங்கே நிறுத்தங்கள் இருந்தாலே போதும். கல்லூரி என்பது ஒரு காப்பகம் ஆகிவிட முடியாது. நல்ல நிறுத்தமாக அமையலாம். அதற்கு மதிலோரத்தில் ஐந்தாறு அடி அகலத்துக்கு உயிர்வேலி விட்டாலும் பலன் தெரியும்.

காப்பது முதலில், பெருக்குவது பிறகு

இருப்பதை அழியாமல் வைத்துக்கொள்வது காப்பு. இழந்ததைத் திரும்பக் கொண்டுவருவதும் புதிய வாழிடம் சேர்ப்பதும் பெருக்கம். செலவு குறைந்ததும் பலன் உறுதியானதும் முதலாவதுதான் என்றாலும், படமெடுக்க ஏற்றது இரண்டாவது என்பதால் வரிசை மாறிவிடுகிறது.

எனவே முதல் ஓராண்டு எதையும் நடாமல் பார்த்து எழுதுவதே நல்லது. மாதம் ஒரு முறை, ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் நடந்து கண்டதைக் குறிக்க வேண்டும். ஒரே மாதிரி செய்தால்தான் தை மாதக் கணக்கையும் ஆவணி மாதக் கணக்கையும் ஒப்பிட முடியும். இப்படிக் கிடைக்கும் முதல் கணக்கை அடிநிலைப் பதிவு எனலாம். அது இல்லாமல் 'பல்லுயிர் பெருகிவிட்டது' என்று ஐந்தாண்டு கழித்துச் சொன்னால் எதைவிடப் பெருகியது என்று கேட்பவருக்கு விடை இருக்காது. பறவைகளுக்கு ஈபேர்ட் தளத்திலும், மற்ற உயிர்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் செயலியிலும் பதிவிடலாம். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்கென்றே ஒரு கணக்கெடுப்பும் உண்டு. தொடங்குவோருக்கு இவ்விரண்டும் நல்ல வாசல்கள்.

அந்தப் பதிவை வைத்து வளாகத்தைப் பிரிக்க வேண்டும். முகப்பும் வகுப்புகளைச் சுற்றிய இடமும் மனிதருக்கு. அங்கே புல்தரையும் பூச்செடியும் இருக்கட்டும். ஓர் ஓரம் முழுக்க மற்ற உயிர்களுக்கு. அங்கே கூட்டுவதும் எரிப்பதும் சமப்படுத்துவதும் கிடையாது, ஊடுருவியைக் களைவது மட்டுமே வேலை. அதையும் ஒரே நாளில் செய்யக் கூடாது. உண்ணிச்செடிப் புதருக்குள் இப்போது சின்னான்கள் கூடு கட்டியிருக்கலாம்; எனவே ஓராண்டில் ஒரு பகுதி, அந்த இடத்தில் உடனே நம் செடி, மறு ஆண்டு அடுத்த பகுதி என்று போக வேண்டும். பூப்பதற்கு முன் வேரோடு எடுக்காவிட்டால் விதை விழுந்து உழைப்பு வீணாகும். சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேர்க்கட்டையைத் தோண்டி எடுப்பதே வழி.

நடுவதற்கு நம் பக்கத்தில் ஜூன் 5 உகந்த நாள் அன்று. கோடை மழையின் ஈரம் அதற்குள் காய்ந்திருக்கும். நல்ல மழை ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில்தான் வரும். ஆவணியில் நட்டால் மூன்று மாதம் வானமே தண்ணீர் ஊற்றும். எதை நடுவது என்பதற்கு என் விடை: மரத்துக்குச் சமமாகப் புதரும் கொடியும். ஆவாரை, களா, நொச்சி, விராலி, இலந்தை ஆகியவற்றுக்கு ஒரு கோடை தாண்டினால் தண்ணீர் வேண்டியதில்லை. மரங்களில் அத்தி, ஆல், இச்சி ஆகியவற்றுக்கு முதலிடம் தருவேன். வெவ்வேறு மரம் வெவ்வேறு மாதத்தில் பழுப்பதால், மற்றவை காய்க்காத நாளிலும் ஏதாவது ஒன்று பந்தி போட்டிருக்கும். கட்டடத்தை விட்டுத் தள்ளி நட வேண்டும், வேர் சுவரைப் பிளக்கும். விதைகளை ஒரே தாய்மரத்திலிருந்து எடுக்காமல் சுற்றுவட்டாரத்தில் பல மரங்களிலிருந்து சேகரித்து வளாகத்திலேயே நாற்றாக்கினால், மேலே சொன்ன ஒட்டு மாந்தோப்பின் நிலை வராது.

தண்ணீருக்கு, கூரை மழைநீர் வந்து சேரும்படி ஒரு சிறு குட்டை போதும். ஒரு பக்கம் படிப்படியாகச் சரிந்திருந்தால் சிட்டுக்குருவியும் இறங்கிக் குடிக்கும். கொசு வரும் என்ற அச்சம் நியாயமானது. சரியாக மூடாத தொட்டியிலும் வாளியிலும் கொசுப்புழு தடையின்றிப் பெருகும். திறந்த குட்டையில் தட்டான்பூச்சியின் இளம்பருவமும் மீனும் அதைத் தின்னும். இரவு விளக்குகளைக் கீழ்நோக்கி மட்டும் எரியச் செய்வது எல்லாவற்றிலும் எளிது. வானத்தை நோக்கி எரியும் விளக்கைச் சுற்றிச் சுற்றி அந்துப்பூச்சிகள் விடியும்வரை வீணாகச் சாகின்றன.

வரிசையை நினைவில் வைக்க: முதலில் பதிவு, அடுத்து ஓர் ஓரத்தை விட்டுவைத்தல், பிறகு ஊடுருவியைச் சிறிது சிறிதாக நீக்குதல், கடைசியில்தான் நடவு.

பாம்பு வராதா?

இதைப் பெற்றோரும் விடுதிக் காப்பாளரும் கேட்காமல் இருந்ததில்லை, கேட்க வேண்டியதும்கூட. நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் சுருட்டை விரியனும் இந்த மாவட்டங்களில் இருக்கின்றன, கடித்தால் உயிருக்கு ஆபத்து. ஆனால் பாம்பு புதரைத் தேடி வருவதைவிட எலியைத் தேடி வருவதே அதிகம், எலி சோற்றைத் தேடி வருகிறது. விடுதிச் சமையலறையின் பின்னால் கொட்டும் எச்சில் சோறும், சுவரோரம் குவித்த பழைய மேசை நாற்காலிகளும், செங்கல் குவியலும்தான் உண்மையான அழைப்பு. கட்டடத்தைச் சுற்றிப் பத்து அடியாவது வெட்டவெளியாக வைத்து, குப்பையை அன்றன்றே அகற்றி, நடைபாதைக்கு வெளிச்சம் போட்டு, இரவில் கைவிளக்கோடு நடக்கச் சொல்லிவிட்டு, ஒதுக்கிய ஓரத்தை ஒதுக்கியபடியே விடலாம். கடிபட்டால் கட்டுப்போடுவதோ கீறுவதோ கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

யாரிடம் கேட்டுத் தொடங்குவது

பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் பகுதியின் உயிர்களையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் எழுதிவைக்கும் ஏட்டுக்கு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று பெயர். கல்லூரியும் தனக்கென அப்படி ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதன் முதல் பக்கங்களைப் பேராசிரியரிடம் கேட்டு எழுதுவதைவிட, விடியற்காலை நான்கரைக்குக் கூட்ட வரும் அக்காவிடமும், இரவு முழுக்க வாசலில் விழித்திருக்கும் காவலாளி அண்ணனிடமும் கேட்டு எழுதச் சொல்வேன். எங்கள் வளாகத்தில் கூகை என்ற ஆந்தை இருக்கிறது என்பது துறையில் யாருக்கும் தெரியாது. காவலாளி அண்ணன்தான் எங்களைக் கூட்டிப்போய், பழைய தண்ணீர்த் தொட்டியின் அடியில் எலி எலும்பும் மயிருமாக உருண்டு கிடந்த, செரிக்காமல் அது கக்கிய கறுத்த உமிழ்கட்டிகளைக் காட்டி, 'ஏழெட்டு வருசமா இங்கதான் சார் இருக்குது, ராத்திரி ஒன்பதரைக்குக் கெளம்பும்' என்றார். அன்றிரவு ஒன்பது நாற்பதுக்கு அது கிளம்பியது. பதிவேட்டின் முதல் வரியில் அவர் பெயரை எழுதினோம்.